வரிசை எண் 417

மார்ச் கடைசியில் பொருள் கணக்கெடுப்பு.
பெஞ்சுகள் அறுநூற்று நாற்பது, கால் ஆடுபவை ஐம்பத்திரண்டு.
மைக்ராஸ்கோப் பதினொன்று.
குளோப் மூன்று, ஒன்றில் ஆப்பிரிக்கா கிழிந்திருக்கிறது.
மெஸ் அண்டாக்களைத் தட்டி எண்ணி முடித்து
பேரேட்டுடன் படியிறங்கி
சில்வர் ஓக் நிழலில் நிற்கும் இதனிடம் வருவேன்.

எனக்கு முன்னிருந்த கிளார்க் டேனியல் ஞானாபரணம்
இதைத் தட்டுமுட்டுச் சாமானில் சேர்த்திருந்தார்.
அவருக்கும் முன்னால் யாரோ, குழாய்ப் பொருத்துகளில்.
சிலை என்று எழுத முகம் வேண்டுமாம்.

மூன்று வளைந்த தகடுகள்.
ஒன்றின் தோளில் ஒன்று சாய வந்து, சாயாமல்.
ஆறாம் வகுப்புக்கு இது பிரின்சிபாலின் காது.
பத்தாம் வகுப்புக்கு, மடித்த தோசை.
அட்மிஷனுக்கு வந்த ஒரு அப்பா
ஐந்து ரோட்டில் லாரி இடித்த ஷட்டர் மாதிரி இருக்கே என்றார்.

கோப்பில் அவளுடைய பில் இருக்கிறது.
எஸ். வத்சலை, சூளைமேடு, 1972.
வெண்கலம் நானூற்றுப் பத்து கிலோ,
மெழுகு, வண்டல் மண், கரி,
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் சேர்த்து லாரி வாடகை.
கூலி என்ற இடத்தில்
ஒரு கோடு.

வருஷா வருஷம் தேய்மானம் கழித்து
இப்போது இதன் மதிப்பு ஒரு ரூபாய்.
சைபராக்கினால் பொருளே இல்லை என்றாகிவிடும் என்று
ஆடிட்டர் விட்டுவைத்த ரூபாய்.
செவ்வாய்ப்பேட்டைத் தராசில் என்ன தேறும் என்பது
ராத்திரி வந்த இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது.
ஹேக்ஸா பிளேடு இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது.
அந்த வெட்டு மட்டும் கொஞ்ச நாள் பொன்னாய் மின்னி
பிறகு களிம்பேறி
மற்ற இடம் போலவே ஆகிவிட்டது.

மோட்டார் கருகி ஆறு வருஷம்.
குடிக்கவே டேங்கர் ஏறிவரும் ஏற்காட்டில்
நீரூற்றுக்கு யார் நோட் போடுவார்கள்?
தொட்டியில் சருகு, தவளை, ஜாமெட்ரி பாக்ஸ் மூடி.
ஒரு விடியலில் காட்டெருமை வந்து
மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
வெண்கலக் கடையில் யானை என்பார்கள்.
இது ஒரு சத்தமும் போடவில்லை.

போன ஐப்பசி, மூன்று நாள் விடாத மழை.
கரண்ட் இல்லை. சம்பளப் பட்டியலோடு
ஆபீஸ் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.
மேல் தகடு நிரம்பி
இத்தனை வருஷம் நசுங்கல் என்று நான் நினைத்திருந்த மடிப்பில் தயங்கி
அடுத்ததில் விழுந்து, அங்கேயும் நிறைந்து
கடைசித் தகட்டில் இறங்கும்போது
உள்ளே குடம் ஒன்று பேசுவது போல் கேட்டது.
மெஸ் செங்கமலம் வாளியோடு நின்றுவிட்டாள்.
யாரும்மா சுவிட்ச் போட்டது, என்றாள்.

இந்த வருஷப் பேரேட்டில் கடைசிக் கட்டம்: நிலை.
பழுது என்று பென்சிலில் எழுதி
அழித்தேன்.
பேனாவில் எழுதினேன்:
மழையைப் பொறுத்து.

ஆடிட்டர் பக்கத்தில் சிவப்பு மையில்
கேள்விக்குறி ஒன்று போட்டிருக்கிறார்,
கொஞ்சம் இதன் ஜாடையில்.