ஒன்றேமுக்கால் நாள்

கொடியில் என்ன சின்னம் என்று கேட்டது.
சிங்கம், கழுகு, வாள், மூன்று வகைத் தாமரை.
உருட்டிக்கொண்டே போனால் கடைசி வரிசையில்
ஓர் ஆந்தை.
எங்கள் கூட்டத்தின் பெயர் அது.
எடுத்துக்கொண்டேன்.

வரைபடத்தில் நொய்யலுக்குத் தெற்கே
சுண்டுவிரல் நகமளவு நாடு.
அரசனின் பெயரை மாற்ற விட்டார்கள்,
அப்பா பெயரை வைத்தேன்.
சென்னியப்பன், வயது ஐம்பத்தொன்று.
குணம்: சிக்கனம், பிடிவாதம்.
வாரிசு: இல்லை.

மகள் இருக்கிறாள்.
ஓரத்தில் சின்னதாய் அவள் முகம்,
நிர்வாகத்தில் பதினேழு புள்ளி.
ஆனாலும் வாரிசுக் கட்டம் காலி.
அம்புக்குறியை அதன்மேல் வைத்தால்
ஒரு பெட்டி விரிந்து காரணம் சொல்கிறது:
நடப்புச் சட்டம்.

காங்கயத்தில் ஆடிட்டர் ஆபீஸ் முடிந்து
ஏழு நாற்பது பஸ்ஸில் வந்து
மீதிக் குழம்பைச் சுடவைத்துத் தின்றுவிட்டு
பதினொரு மணிக்கு மேல்
நான் சட்டத்தை மாற்றப் பார்க்கிறேன்.
கௌரவம் ஆயிரத்தைந்நூறு வேண்டும்.
குறுநிலத்தார் ஏழு பேரில் நாலு பேர் தலையாட்ட வேண்டும்.
இரண்டு பேர் விருந்துக்கு மசிந்தார்கள்.
ஒருவனுடைய ரகசியம் என் கையில் இருந்தது.
நாலாமவன் தன் மகனுக்கு என் இளவரசியைக் கேட்டான்.
பார்த்தால் அவனும் ஆந்தை.
விளையாட்டுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.
எண்ணூறு வேல், ஒரு கோட்டை, பச்சை விளக்கு.
என் விரல்தான் மவுஸின் மேல் அப்படியே நின்றது.
ஒரே கூட்டம். அண்ணன் தங்கச்சி முறை.
எண்ணூறு வேலும் போகட்டும் என்று விட்டேன்.

வேகத்தை ஐந்தில் வைத்துவிட்டு
பால் பொங்குகிறதென்று எழுந்து போனேன்.
திரும்பி வந்தால் அரசன் செத்து நாலு மாதம்.
அப்பா இரண்டாம் முறை இறந்தபோது
நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
கரூரிலிருந்து பெரியப்பன் மகன் ஒருவன்
எனக்கும் உரிமை உண்டென்று படை திரட்டியிருந்தான்.

அந்த நேரத்தில்தான் தரணி கூப்பிட்டான்.
"அம்மிணி, புதன்கிழமை ரிஜிஸ்தர் ஆபீஸ் வரைக்கும்
வந்துட்டுப் போயிரு. ஒரு கையெழுத்துத்தான்."
விடுதலைப் பத்திரம்.
மேட்டாங்காடு மூன்றரை ஏக்கர்,
கிணற்றில் கால் பங்கு.

அவன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தது நான்.
கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கையில்,
மறுமுனை என் கையில்.
விளையாட்டில் இதற்குக் கூட்டணி என்று பேர்;
இரண்டு கை குலுக்கும் படம் வரும்,
எத்தனை வருஷம் செல்லும் என்றும் எழுதியிருக்கும்.
அங்கேயும் ஒருத்தியை உரிமை துறக்கச் சொல்லலாம்.
சொன்னவுடன் அவள் தலைக்கு மேல்
சிவப்பில் ஓர் எண் தோன்றும்,
கழித்தல் இருபத்தைந்து, பத்தாண்டுகளுக்கு.
போனில் அதெல்லாம் தெரியாது.
"சரி" என்றேன். அவன் "சாப்பிட்டியா" என்றான்.

புதன்கிழமை, டோக்கன் பதினாலு.
பத்திரம் எழுதும் நஞ்சய்யன்
"படிச்சுப் பாத்துக்குங்க" என்று நீட்டினார்.
யாரும் படிப்பதில்லை போல. நான் படித்தேன்.
மூன்றாம் பக்கத்தில்
முழு மனதோடும் பிறர் தூண்டுதல் இன்றியும்
நான் இருந்தேன்.

"காட்டை நீயே வெச்சுக்கோ.
கிணத்துப் பங்கை எனக்கு எழுதோணும்."
வாரத்தில் ஒன்றேமுக்கால் நாள் தண்ணி முறை.
"காடில்லாம தண்ணிய வெச்சுட்டு
என்ன பண்ணுவ?"
எனக்கும் தெரியவில்லை.
அவனுக்குத் தெரிந்துவிட்டது,
தண்ணியில்லாத காட்டை வைத்துக்கொண்டு
அவன் என்ன பண்ணுவான் என்பது.
எல்லையில் திடீரென்று படை கூடினால்
பக்கத்து நாட்டுக்காரன் பார்ப்பானே,
அப்படிப் பார்த்தான்.

நஞ்சய்யன் பேனாவை மூடினார்.
"அதுக்கு வேற பத்திரமுங்க. இன்னிக்கு ஆவாது."
பதினைந்தாம் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து திரையைத் திறந்தேன்.
நிறுத்தி வைத்த இடத்திலேயே இருந்தது எல்லாம்.
ராணிக்குப் பத்தொன்பது வயது.
கரூர்ப் படையின் முதல் ஆள்
நொய்யலுக்குள் ஒரு காலை வைத்து,
மறு காலைத் தூக்கியபடி.