கடல் உனவு

போர்டில் மூன்று மொழி.
சீனத்தில் சரியாகத்தான் இருக்கும்.
தெலுங்கில் சரி என்றாள் யாமினி.
தமிழில் ‘கடல் உனவு.’
மூன்று சுழி வேண்டிய இடத்தில் இரண்டு.

தடாவில் ஞாயிறு பத்தரை.
டோக்கன் நாற்பத்தொன்று.
லாரிகள் நெல்லூர்ப் பக்கம் போய்க்கொண்டே இருக்க
கம்பெனி பஸ்ஸில் வந்தவர்களும் காரில் வந்தவர்களும்
ஒரே தொட்டியை எட்டிப் பார்க்கிறோம்:
பச்சை நைலானில் கை கட்டிய
பழவேற்காட்டு நண்டுகள்.

உட்கார்ந்ததும் டீ.
முதல் தடவை வந்தபோது
பக்கத்து மேசைக்காரர், தனக்கு ஊற்ற ஊற்ற,
இரண்டு விரலால் மேசையைத் தட்டினார்.
என்ன அவசரமோ என்று சிரித்தோம்.
அது நன்றியாம்.
அன்றிலிருந்து கேன்டீனில்
சாம்பார் ஊற்றும்போதும் தட்டினோம் மூவரும்.
ஊற்றுகிற அக்கா திட்டினாள்.

தள்ளுவண்டியோடு வருகிறான் லால்ரிங்கா.
மிசோரம் பையன், என்னைவிட நன்றாகத் தெலுங்கு பேசுவான்.
மூடியைத் தூக்கினால் மூங்கில் வாசனை, ஆவி,
ஆவி விலகினால் இறால் கொழுக்கட்டை:
உள்ளிருக்கும் சிவப்பு வெளியே தெரிகிற அளவுக்கு
மெல்லிய தோல்.
கூடைக்கு மூன்று. எப்போதும் மூன்று.
ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு
நாலு வைத்தால் லாபமில்லை,
இரண்டு வைத்தால் மரியாதையில்லை என்றார்
கல்கத்தாவில் பிறந்த முதலாளி ஆ-கீ.

எங்களுக்கு அந்தக் கணக்கு
ஒன்றரை வருஷம் சரியாக இருந்தது.

நான் ஒன்று தின்றேன்.
யாமினி ஒன்று தின்றாள்.
மூன்றாவது, கூடை நடுவில்,
ஆறிக்கொண்டிருந்தது.

ஜெபமலர் அங்கேதான் இருக்கிறாள்.
ஜன்னலோர வட்ட மேசையில்,
நான்கு இன்ஜினியர்கள், ஒரு மேனேஜர் நடுவே,
லைன் லீடர் அட்டையைக் கழுத்தில் இருந்து கழற்றாமல்.
அவள்தான் தொட்டி அருகே போய்
நண்டைத் திருப்பி வயிற்றைப் பார்த்து
இது வேண்டாம், அது, என்று கை காட்டினாள்.
ஏரிக்கரைக்காரி. தப்பாது.

போன மாதம் யாமினி பாத்ரூம் போய் வந்ததை
‘பதினொரு நிமிடம்’ என்று நோட்டில் எழுதியதும் அவள்தான்.
முந்நூறு ரூபாய் போச்சு.
பதினொன்றும் சரியான கணக்கு, அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த மேசைக்குக் கொடுவா வந்தது,
முழுசாக, இஞ்சியும் வெங்காயத்தாளும் போர்த்தி.
மீன் தலை யாரைப் பார்க்கிறதோ
அவர்தான் பெரிய விருந்தாளியாம்.
அது மேனேஜரைப் பார்த்தது.
ஜெபமலர் எழுந்து எல்லோருக்கும் டீ ஊற்றினாள்.
நான்கு பேர் தட்டினார்கள். ஒருவர் தட்டவில்லை.
கண்ணாடித் தட்டு சுழன்றது,
அவள் முன்னால் வரும்போதெல்லாம்
யாரோ பிடித்துத் தம் பக்கம் இழுத்தார்கள்.

“அவ தட்டுல ஒண்ணுமே இல்ல பாரு,” என்றேன்.
பார்க்காதவள் போலத்தான் இருந்தாள் யாமினி.
மிளகாய் எண்ணெயைக் கிண்டினாள்.
பிறகு கூடையை மூடினாள்.
லால்ரிங்காவைக் கூப்பிட்டு
ஜன்னல் பக்கம் மோவாயை நீட்டினாள்.

ஜெபமலர் மூடியைத் திறந்தாள்.
எங்கள் பக்கம் திரும்பவில்லை.
இன்ஜினியர் ஏதோ கேட்க, தலையாட்டிக்கொண்டே
ஒரே வாயில் போட்டாள், குச்சி இல்லாமல், கையால்.
இடது கை மேசை விளிம்பில் இருந்தது.
இரண்டு விரல்.
தட்டினாளா,
துணியில் துடைத்தாளா,
இங்கிருந்து தெரியவில்லை.

பில் கேட்டோம். கூடை வந்தது.
உள்ளே ஒரு நண்டுக் கொடுக்கு,
கடிக்கத் தோதாய் ஓடு நசுக்கியபடி.

ஒன்று.
நாங்கள் இரண்டு பேர்.
“நீ எடு.”
“உனக்குத்தானே முந்நூறு போச்சு, நீ எடு.”

டோக்கன் அறுபத்திரண்டு என்று கத்துகிறார்கள்.
எங்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி
ஒரு குடும்பம் வந்து நிற்கிறது,
அந்தக் கொடுக்கையே பார்த்துக்கொண்டு.