பெருக்கல் குறி

பூசாரிக்காடு, மூன்றாம் குழி.
ஆழம் ஒரு மீட்டர் எழுபத்திரண்டு சென்டி.
கறுப்பு சிவப்புப் பானையின் தோள்பட்டைத் துண்டு,
உள்ளங்கையில் பாதி.
பொங்கியண்ணன் தூரிகையை வைத்துவிட்டுக் கூப்பிட்டார்:
"ஏனுங் எப்சிபா, கணக்கு ஒண்ணு கெடக்குதுங்."

சுட்டபிறகு கூரான எதையோ வைத்து இழுத்த
இரண்டு கோடுகள். ஒன்று சற்று நீளம்.
ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன.
குறிப்பேட்டில் எழுதினேன்: பெருக்கல் குறி.
கறுப்பு வெள்ளை அளவுகோலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு
நொய்யல் பக்கம் சாய்ந்த வெயிலில்
படம் எடுத்தேன்.

சபை வாட்ஸ்அப்பில் போட்டதும் நான்தான்.
சும்மா, இன்றைக்கு வேலையில் கிடைத்தது என்று.
முதலில் பதில் போட்டவர்
படத்தை நாற்பத்தைந்து பாகை திருப்பியிருந்தார்.

சனிக்கிழமை உபதேசியார் சத்தியவாசகம் வீட்டுக்கே வந்துவிட்டார்,
கூடவே வெளியூர்ப் பிரசங்கியார், மடிக்கணினியோடு.
செங்கடலின் அடியில் பவளம் மூடிய தேர்ச்சக்கரம் காட்டினார்.
பனிமலை உச்சியில் பேழையின் விலாப் பலகை.
உப்புத்தூணாய் நின்ற லோத்தின் மனைவிக்கு
மூக்குகூட இருந்தது.
"அந்தச் சக்கரம் இப்ப எந்த மியூசியத்துல இருக்குங்?"
காபி நன்றாக இருக்கிறது என்றார்.

பிறகு வரைபடம்.
முசிறியில் இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் நுழைந்து,
வெள்ளலூர் தொட்டு, காங்கேயம் தாண்டி
எங்கள் குழியின் விளிம்புவரை
அப்போஸ்தலர் தோமா சிவப்புக் கோடாக நடந்து வந்தார்.
கோடு போட்டது யாரென்று நான் கேட்கவில்லை.
பேனா சட்டைப்பையில் தெரிந்தது.

"ஐயா, அதுக்கு மேல் அடுக்கிலயே கரி எடுத்து
சோதனைக்கு அனுப்பி முடிவு வந்திருச்சுங்.
கிறிஸ்து பிறக்க இருநூறு வருசம் முந்தி.
இது அதுக்கும் கீழ."
மின்விசிறி மட்டும் பேசியது.
அப்புறம் அவர் முகம் விரிந்ததே, பார்க்கவேண்டும்:
"அப்படின்னா இது தீர்க்கதரிசனம், தங்கச்சி!"

என்ன சொல்ல.
மேலே கிடைத்தால் சாட்சி,
கீழே கிடைத்தால் தீர்க்கதரிசனம்,
கிடைக்காமலே போனால் விசுவாசத்துக்கு வந்த சோதனை.
நாங்கள் வெட்டும் குழிக்கு அடி உண்டு.
கன்னி மண் வந்ததும் கடப்பாரையை வைத்துவிடுவோம்.

திங்களன்று பொங்கியண்ணன் சொன்னார்:
"எங்க பட்டியில செம்மறிக்கு இதே குறிதானுங் காச்சிப் போடுவோம்."
அதையும் எழுதிக்கொள்ளவில்லை.
அத்தனை நூற்றாண்டுக்குக் குறுக்கே
ஓர் ஆட்டை ஓட்டிவர என்னால் ஆகாது.
பொருள் என்ற கட்டத்தில்
தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான் நான்.
மூன்றாம் பெஞ்சு, சுவரோரம்.
ஆமென் சொல்லும்போது பொய் சொல்வதில்லை.
தோமாவை எனக்குப் பிடிக்கும்;
காயத்தில் விரலிட்டுப் பார்த்தாலொழிய மாட்டேன் என்றவர்.
அவர் வந்த கதையில் மட்டும்
விரலை வைக்காதே என்கிறார்கள்.

அந்தத் துண்டில் நகத்தை ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.
ஒரு கோடு ஆழம், மற்றது அவசரம்.
நடுவில் யாரோ கூப்பிட்டிருக்கலாம்,
அடுப்பில் எதுவோ பொங்கியிருக்கலாம்.
இதுவும் குறிப்பேட்டில் ஏறாது.

கன்வென்ஷன் மூன்றாம் நாள் இரவு.
மில் மைதானத்தில் வாடகை நாற்காலிகள், கொசு,
கட்டிய திரை காற்றில் உப்பித் தணிகிறது.
அதில் என் படம்.
குழி எண் இல்லை. ஆழம் இல்லை.
அளவுகோலை வெட்டி எடுத்திருந்தார்கள்.
அதனால் பானைத்துண்டு பனைமர உயரம்,
நிமிர்ந்து நிற்கும் சிலுவை.
அல்லேலூயா என்று எழுந்தது கூட்டம்;
முன்வரிசையில் என் தங்கை கெத்சியாளும், அழுதுகொண்டே.

நான் உட்கார்ந்தே இருந்தேன்.
திரையின் வலது ஓரத்தில்
வெட்ட மறந்த என் கட்டைவிரல்,
வீட்டுக் கதவளவு.
நகத்தடியில் மூன்றாம் குழி மண்.