மீதி

ஓசு கடைவீதியில் மழைக்கு ஒதுங்கியபோது
மூன்றாம் மாடிக்கு வரச்சொல்லி
துண்டுச் சீட்டு நீட்டினாள் முயல்காது வைத்த ஒருத்தி.
குடையில்லாதவளுக்கு அது போதுமான காரணம்.

படிக்கட்டு ஓர் ஆள் அகலம். கதவில் மணி.
"வீட்டுக்கு வந்துட்டீங்களா, இளவரசி!"
நான்கு குரல், ஒரே சுருதி.
திரும்பிப் பார்த்தேன்.
எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

நகோயா வந்து பதினாலு மாதம்.
என் வீடு என்பது ஆறு பாய் விரிக்கும் அறை.
அதன் கதவு என்னிடம் பேசியதில்லை,
நானும் வற்புறுத்தியதில்லை.

ஒரு மணி நேரக் கட்டணம் ஆயிரத்து நூறு யென்.
கன்வீனியன்ஸ் ஸ்டோரில்
என் ஒரு மணி நேரத்துக்குத் தருவதும் அதே.
ஆக, நேற்று மாலை ஆறிலிருந்து ஏழுவரை
கோழி பொரித்ததை
ஒரு ரோஸ் நிற நாற்காலியாக மாற்றி
உட்கார்ந்தேன்.

மேஜையில் விதிகள், லாமினேட் செய்து:
தொடக்கூடாது.
உண்மைப் பெயர் கேட்கக்கூடாது.
வேலை முடியும் நேரம் கேட்கக்கூடாது.
கடைசி விதிமேல் மயோனைஸ் காய்ந்திருந்தது.

பரிமாற வந்தவள் குருமி.
கடைசி எழுத்தை மாற்றினால்
பரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்ளலாம்.
வயது எப்போதும் பதினேழு.
ஊர், பாலாடை மேகங்களுக்கு அந்தப் பக்கம்.
பஸ் உண்டா என்றேன்.
நாளைக்கு இரண்டு என்றாள், கண் சிமிட்டாமல்.

ஓம்லெட்மேல் கெட்சப்பால் என் பெயரை எழுத வேண்டும்.
நன்முல்லை என்றேன்.
அவள் உதடு ஒருமுறை ஒத்திகை பார்த்தது.
ந.
ன்.
மு.
முட்டை முடிந்துவிட்டது.
'ல்லை'க்கு இடமில்லை.
ஓரத்தில் ஓர் இதயம் போட்டுச் சமாளித்தாள்.

இரு கையாலும் இதயம் செய்து
சுவையாகு, சுவையாகு என்று மந்திரிக்க வேண்டுமாம்.
பக்கத்து மேஜையில் கோட்டுக்காரர் ஒருவர்
வருமான வரி கட்டுகிற முகத்தோடு
அதைப் பிழையில்லாமல் செய்தார்.
என் இதயம் இடப்பக்கம் வீங்கியிருந்தது,
கட்டைவிரலில் எண்ணெய் சுட்ட கொப்புளம்.
குருமி பார்த்தாள்.
அவள் குதிகாலில், சரிகைக் காலுறைக்குள்,
பிளாஸ்டர் ஒன்று பிரிந்து சுருண்டிருந்தது.
நானும் பார்த்தேன்.
விதிகளில் இதுபற்றி ஒன்றும் இல்லை.

ஆறிப்போனதைத் தின்றேன்.
'மு' கொஞ்சம் புளிப்பு.

கிளம்பும்போது மறுபடி மணி.
"போயிட்டு வாங்க, இளவரசி!"
மொழி வகுப்பில் மூன்றாம் பாடம்.
வீட்டைவிட்டுப் புறப்படுகிறவருக்கு மட்டும் சொல்வது.
'போறேன்' என்று சொல்லக்கூடாத மொழி
எனக்கு முன்பே ஒன்று இருந்ததால்
அந்தப் பாடத்தில் மட்டும் முழு மதிப்பெண்.
ஆனாலும் பதில்
இரண்டாம் மாடிப் படியில்தான் வாய்க்கு வந்தது.
சுவரிடம் சொன்னேன்.

வியாழன் இரவு ஒன்பதே முக்கால்.
முகக்கவசம், தொளதொள சாம்பல் சட்டை.
கூடையில் சால்மன் சோற்றுருண்டை,
பிளாஸ்டர், பெரிய பெட்டி.
பை வேண்டாம் என்றாள்.
இரண்டு கட்டை இறங்கியிருந்தும்
அதே குரல்.

சூடாக்கவா? கையேட்டில் உள்ள கேள்வி.
வேண்டாம். அதற்கான பதில்.

பிறகு அவள் கண் என் பெயர் அட்டையில் நின்றது.
எங்கள் மேலாளர் இவாசே சிக்கனமானவர்.
முதல் இரண்டு எழுத்து போதும் என்று அச்சடித்தார்:
நன்.
இந்த ஊர் வாயில் அதற்கு 'என்ன' என்று அர்த்தம்,
கறி ஓட்டலில் என்றால் ரொட்டி.
ஏழு மாதமாக நெஞ்சில்
ஒரு கேள்வியையோ ரொட்டியையோ குத்திக்கொண்டு
நின்றுகொண்டிருக்கிறேன்.

"மீதி?" என்றாள்.

ஆயிரம் யென் தாள் தந்திருந்தாள்.
முந்நூற்று எண்பத்திரண்டைத் தட்டில் எண்ணி வைத்தேன்.
அதைத் தொடவில்லை.
பிளாஸ்டர் பெட்டியின் முனையால்
அட்டையில் 'ன்'னுக்குப் பக்கத்தில்
காலி இடத்தைத் தட்டினாள்.

பெயர் கேட்கக்கூடாதென்பது அவள் கடை விதி.
என் கடையில் அப்படி எதுவும் ஒட்டவில்லை.

முல்லை, என்றேன்.
முறாய், என்றாள்.
இல்லை, முல்-லை.
முல்-ராய்.
பின்னால் பீர் டின்னோடு நின்றவர் செருமினார்.
அவரிடம்
சூடாக்கவா என்று கேட்டுவிட்டேன்.