வெளிப்பூட்டு

நெருப்பைப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்றேன்.
ஊதுவோம் மிஸ், என்றன பதினெட்டு வாய்கள்.
கையோடு கைதட்டி
பிறந்தநாள் பாட்டையும் ஆரம்பித்துவிட்டான் கிஷோர்.

இந்த லிங்கராஜபுரம் பால்வாடியில்
அவர்கள் கண்ட நெருப்பு அவ்வளவுதான்:
கேக்கின் மேல் ஒன்று,
மாதா கெபியில் வரிசையாய்ச் சில,
கரண்ட் போன இரவில் தட்டில் ஒட்டிய மெழுகு.
எல்லாம் ஊதினால் போகிறவை.

ஃபயர் ஸ்டேஷனிலிருந்து சிவலிங்கையா வந்திருந்தார்.
கன்னடத்தில் அவர் சொல்ல, தமிழில் நான்,
உருதுவுக்கு அஃப்ரீனின் அக்கா.
பெங்கி என்றார். நெருப்பு என்றேன்.
ஆக் என்றாள் அவள்.
நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது,
கத்துங்கள் என்றேன்.
கத்தினார்கள்.
எதிர் மாவு மில் செல்வின் குடத்தோடு ஓடிவந்து
வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.
அன்றைக்கு அவருக்குத்தான் ஸ்டார்.

போன் நம்பர் நூற்றியொன்று.
மொய்யா மிஸ், என்று கேட்டது
முந்தாநாள் சித்தப்பா கல்யாணத்துக்குப் போய்வந்த பிள்ளை.

தோளில் சிலிண்டர், முகத்தில் கண்ணாடி மூடி,
புஸ் புஸ் என்று மூச்சு விட்டபடி
சிவலிங்கையா உள்ளே நுழைந்ததும்
பாதிப்பேர் பெஞ்சுக்கடியில்.
அங்கேதான் போகக் கூடாது கண்ணுகளா,
புகைக்குள் இவர் தேடி வரும்போது
ஒளிந்து விளையாடக் கூடாது.
மூடியைக் கழற்றினார். வெற்றிலைச் சிவப்பில் சிரித்தார்.
மறுபடி போட்டார். கழற்றினார்.
ஆறாவது தடவை யூசுப் போய்
ரப்பர் மூக்கைப் பிடித்துப் பார்த்தான்.

பிறகு பாய் விரித்துப் பாடம்.
சட்டையில் பிடித்தால் ஓடாதே.
நில், விழு, முகத்தை மூடு, உருள்.
உருண்டார்கள்.
ஒருத்தி சத்துமாவு மூட்டையில் முட்டி நின்றாள்.
புகை மேலே போகும்,
தரையோரம் மிச்சமிருக்கும் காற்று
உங்கள் உயரத்துக்கு அளவெடுத்துத் தைத்தது என்றேன்.
நன்றாய்ச் சொல்லிவிட்டதாகக் கொஞ்சம் பெருமை எனக்கு.

தவழ்ந்து எங்கே போவோம்?
கதவுக்கு!
கதவைத் திறந்து?
வெளியே!

பெனிட்டா மட்டும் பாயிலேயே இருந்தாள்.
எங்க கதவு தொறக்காது மிஸ்.
ஞாயித்துக்கெழம அம்மாவுக்கு கார்மெண்ட்ஸ்ல ஓ.டி.
பூட்டு வெளியில இருக்கும்.

அவள் குறை சொல்லவில்லை.
கேள்விக்குச் சரியான விடையைச் சொன்னாள்.

எங்க வீட்லயும், என்றான் யூசுப்.
தூக்கிய கைகளை எண்ணினேன். ஏழு.
சிவலிங்கையா என்னைப் பார்த்தார்,
என்ன சொல்கிறார்கள் என்று.
எனக்குக் கன்னடம் நன்றாகவே வரும்.
அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நேரமானது.

சாயங்காலம் பெனிட்டா வீட்டுக்குப் போனேன்.
எஸ்தர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்,
விரல் நுனிகளில் நூல் அறுத்த கோடுகள்.
தெறந்து போட்டுட்டுப் போகச் சொல்றீங்களா மிஸ்?
தெருவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.
தண்ணீர் லாரி, மூலையில் ஒயின் ஷாப்,
அதன் முன்னால் பெயர் தெரியாத ஆண்கள்.
கொண்டுபோன அறிவுரை பையிலேயே இருந்தது.
ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்
இன்னொரு சாவியை எடுத்துவந்தாள்.

இப்போது என் வீட்டு ஆணியில் ஏழு சாவிகள்,
அடையாளத்துக்குப் பிளவுஸ் துணி முடிந்து.
மஞ்சள் பெனிட்டா. பச்சை யூசுப்.
ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கும் போவதில்லை.

போன வாரம் யாரோ குப்பை கொளுத்தினார்கள்.
அந்த முதல் வாசனைக்கே
கொத்தை உருவிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினேன்.
பச்சை சேரவில்லை. கை நடுங்கியது. மஞ்சள்.

உள்ளே தம்பியைப் பாயில் போட்டு
உருட்டிக்கொண்டிருந்தாள் பெனிட்டா.
இவன் மூஞ்சியை மூட மாட்டேங்கிறான் மிஸ்,
நீங்க சொல்லுங்க.