நாற்பத்தொன்றாம் கட்டில்

கெலமங்கலம் தாண்டி
பேருந்து நிற்காத இடத்தில் கெஞ்சி இறங்கினேன்.
பிப்ரவரிக் கடைசி.
காதலர் தினத்துச் சிவப்பெல்லாம்
எப்போதோ விமானம் ஏறிவிட்டது.
பசுமைக்குடில் வாசலில்
கோணல் காம்பு ரோஜாக்கள் குவிந்து கிடந்தன,
சீமைக்கு ஆகாதவை.
ஒரு மாடு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுப்பவள் நான்.
இப்போது தலை எண்ணுகிறேன்.

கைப்பேசியில் இரண்டு ஜன்னல்.
ஒன்று அரசாங்கச் செயலி,
வட்டம் சுற்றிச் சுற்றிச் சிக்னல் தேடும்.
மற்றது உலக மக்கள்தொகை ஓடும் பக்கம்.
பிள்ளைகளுக்குக் காட்டத் திறந்தது,
மூட மனசு வரவில்லை.
முன்னால் நிற்கும் எண்கள் மலை மாதிரி அசையாது.
கடைசி இரண்டு மட்டும்
சூடு வைத்த ஆட்டோ மீட்டராய்ப் பறக்கும்.

விடுதி நாலு மாடி.
ராத்திரி ஷிப்டுப் பெண்கள் தூங்குகிறார்கள், பகல் மூன்று மணிக்கு.
ஜன்னலுக்கெல்லாம் பழைய செய்தித்தாள் ஒட்டி
இருட்டு தயாரித்திருக்கிறார்கள்.
"எள்ளைவிடச் சின்ன ஸ்க்ரூ மேடம் அவங்க போடறது,
அந்த போனை நாம வாங்க முடியாது" என்றாள் வார்டன் ரூபாவதி,
பெருமையா புகாரா தெரியவில்லை.

ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர்.
ஒருத்தி எழுந்து போனால் ஒருத்தி வந்து படுப்பாள்.
தலையணை உறை மட்டும் ஆளுக்கு ஒன்று.
செயலி
வீடு கேட்கிறது, கூரை கேட்கிறது, குடும்பத் தலைவர் யார் என்கிறது.
கட்டிலுக்கு அதில் கட்டம் இல்லை.

நாற்பத்தொன்று.
பஹாமுனி ஹெம்ப்ரம், வயது இருபது, தும்கா மாவட்டம்.
தாய்மொழி?
"இந்தி போட்டுக்கங்க மேடம், எல்லாம் ஒண்ணுதான்."

போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்:
"சந்தாலி."

கண் திறக்கவில்லை அவள்.
நான் தட்டினேன், பிழையாக. திருத்தினேன். மறுபடி பிழை.
அவள் எழுந்து உட்கார்ந்து
என் விரலைப் பிடித்துத் திரையில் சரியான இடத்தில் வைத்தாள்.
அதற்குள் பக்கத்து ஜன்னலில்
எத்தனையோ பேர் பிறந்துவிட்டார்கள்.

பிறகு என் பக்கம் விரல் நீட்டினாள்.
"ஆப் கா?"
தமிழ் என்றேன்.
பாடம் ஒப்பிக்கிற வேகத்தில் சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள்.
"ஆ, செப்பக்கா" என்றது என் வாய்.

பஹாமுனி சிரித்தாள் பாருங்கள்,
மேல்கட்டிலில் தூங்கினவள் எழுந்துவிட்டாள்.

எங்கள் தெருவுக்கு எண்ண வந்தவர்
கணக்கு வாத்தியார் முனிகிருஷ்ணன்.
கேட்கவே இல்லை, தமிழ் என்று தட்டிவிட்டு
காபி குடித்துப் போனார்.
நானும் சும்மா இருந்தேன்.
அவர் வீட்டில் கன்னடம்.
அவருக்கு யார் என்ன தட்டினார்களோ.

ஓடும் அந்த எண் ஒரு மதிப்பீடுதான்,
தெரியும், வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.
அது யாரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டதில்லை.
யாரும் அதைத் திருப்பிக் கேட்டதும் இல்லை.

ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்.
லிப்சா வந்தாள், மயூர்பஞ்ச் பெண்,
ஒடியா, பத்தொன்பது.
பஹாமுனி தன் உறையை உருவி மடித்து எடுத்துக்கொண்டாள்.
லிப்சா தன்னுடையதை மாட்டினாள், நீலப்பூ போட்டது.
இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.
வழியில் ஒரு பிஸ்கட் பாக்கெட் மட்டும் கை மாறியது.
மெத்தையில் நான் கை வைத்துப் பார்த்தேன்,
எதற்கென்று தெரியாமல்.
சூடாக இருந்தது.

திரும்பும்போது தனியார் பேருந்து, உட்கார இடமில்லை.
கம்பியைப் பிடித்தபடி அக்காவைக் கூப்பிட்டு
கேஸ் சிலிண்டர் சமாசாரத்தைத் தெலுங்கில்
சத்தமாகவே பேசி முடித்தேன்.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
தக்காளிக் கூடைக்காரர் ஒருவர் மட்டும்
இந்த மாசம் விலை ஏறிருச்சும்மா என்றார், தமிழில்.

நடத்துநர் வந்தார்.
"எல்லிகே?"
"ராயக்கோட்டை ஒண்ணு."