எதை முதலில் எழுப்புவது

கட்டபெட்டில் கரண்ட் போனது ஒன்று பத்துக்கு.
யுபிஎஸ் பதினெட்டு நிமிடம் மூச்சைப் பிடித்தது.
ஜெனரேட்டரைக் கிளப்பப் போன ஜோகி
பேட்டரி செத்துக் கிடக்கிறதென்று
இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு திரும்பியிருக்கிறான்.
எனக்கு இதெல்லாம் காலையில்தான் தெரியும்.

தேயிலைத் தொழிற்சாலை மாடியில்
இலை வாட்டும் தொட்டிகளுக்கு அடுத்த அறையில்
ஒரே ஒரு சர்வர்.
அதில் குடித்தனம் மூன்று:
இலை எடைச் செயலி, பட்டுவாடாச் செயலி, பனி எச்சரிக்கைச் செயலி.
மூன்றுக்கும் பொதுவாக ஒரு தூதுச் சேவை.
யார் எதைச் சொன்னாலும் வாங்கி வரிசையில் வைத்து
உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததென்று பதில் வரும்வரை
பிடியை விடாமல் நிற்பது அதன் வேலை.
அதற்கு முகம் கிடையாது.
மேலாளர் ஒருநாள் அதைக் காட்டு என்றார்;
ஒரு போர்ட் எண்ணைக் காட்டினேன்.
இதற்கா சம்பளம் என்பதுபோல் பார்த்தார்.

இரண்டு நாற்பதுக்குக் கரண்ட் வந்தது.
சர்வர் தானாக விழித்தது.
செயலிகள் மூன்றும் துள்ளி எழுந்தன.
தூதுச் சேவை எழவில்லை.
ஒவ்வொரு முறையும் கையால் எழுப்புவது என் வழக்கம்;
நான் அப்போது ஒரசோலையில்
இரண்டு கம்பளிக்கு அடியில் இருந்தேன்.

இரண்டு ஐம்பத்திரண்டு.
பள்ளத்துக் கருவி சொன்னது: ஒரு டிகிரி.
பனிச் செயலி கதவைத் தட்டியது. திறப்பாரில்லை.
பத்து விநாடி பொறுத்து மறுபடி தட்டியது.
விடியும்வரை தட்டியது.
சொல்ல வேண்டியதையெல்லாம் தன் மடியிலேயே முடிந்துகொண்டது.
பதிவேட்டில் அதே வரி
ஆயிரத்துச் சொச்சம் தடவை.

ஆறு இருபதுக்கு வந்தேன்.
ஒரு கட்டளை அடித்தேன். எழுந்தது.
அறுநூற்று நாற்பத்து மூன்று செய்திகள்
ஒரே மூச்சில் மலையிறங்கின.
வெயில் அதற்குள் புல்லின் வெள்ளையைத் துடைக்கத் தொடங்கியிருந்தது.
"இன்றிரவு உறைபனி இறங்கலாம். கொழுந்தைத் தழைபோட்டு மூடவும்."

முதல் அழைப்பு இடுஹட்டியிலிருந்து நஞ்சி.
"மூடச் சொல்றீங்களே, எதை மூட? கருகினதையா?"
அடுத்தவர் சிரித்தார்:
"கல்யாணம் முடிஞ்சு பத்திரிகை வருது!"
திட்டியிருக்கலாம் அவர்.

அதே கட்டில் நேற்றைய எடைகளும் போயிருந்தன.
செல்வரஞ்சனி, முப்பத்தொன்றரை கிலோ.
அவள் கூப்பிடவில்லை.
நேற்றைய இலைக்கு இன்று கணக்கு வந்தால்
யாருக்கும் எதுவும் கருகுவதில்லை.

மத்தியானம் ஜோகி டீ கொண்டுவந்து வைத்தான். ஆறிப்போனது.
இயந்திரத்தோடு சேர்ந்தே தூதுச் சேவை எழட்டும் என்று எழுதினேன்.
அது எழும்வரை செயலிகள் பொறுக்கட்டும் என்று எழுதினேன்.
அழித்தேன்.
எழுந்தேன் என்பது வேறு, கேட்கிறேன் என்பது வேறு.
அது கேட்கிறேன் என்று சொல்லும்வரை என்று திருத்தினேன்.
பிறகு நெடுநேரம் யோசித்து
பனிச் செய்திக்கு நாற்பது நிமிட ஆயுள் வைத்தேன்;
அதற்குள் போகாவிட்டால் செத்துப்போகட்டும்,
என் கைப்பேசியில் மட்டும் மணியடித்துவிட்டு.
எடைக்கு ஆயுள் வரம்பு வைக்கவில்லை.
எத்தனை நாள் ஆனாலும் அது போயாக வேண்டும்.

சோதிக்க ஜோகியை மெயினை இறக்கச் சொன்னேன்.
"வேணும்னேவா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு இறக்கினான்.
இருட்டில் மின்விசிறி அடங்கும் ஓசை.
மறுபடி ஏற்றினான்.
முதலில் அந்த முகமில்லாதது.
பிறகு ஒன்று, ஒன்று, ஒன்று.

மூன்று இரவு மேகம் மூடியது.
மேகம் மூடினால் உறைபனி இறங்காது.
வரிசையில் பூஜ்யம்.
"ஒண்ணுமே வரலியே, நல்லா வேலை செய்யுதா?" என்றான் ஜோகி.
தெரியல என்றேன்.

வியாழன் சாயங்காலம் லாரி வந்தது, தராசு ஏறி இறங்கியது.
இடுஹட்டி, நஞ்சி: நான்கு கிலோ இருநூறு.
போன வியாழன் இருபத்தாறு.
ஒரு விநாடிகூட ஆகவில்லை,
போய்ச் சேர்ந்தது.